புதிய பிரிட்ஜ், ஏ.சி., வாஷிங் மெஷின் பழுதானால்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நுகர்வோர் புகார் மனு எழுத உதவுபவன் என்று தெரிந்துவிட்டால் போதும், ஆடித் தள்ளுபடி முடிந்த கையோடு ஒரு கூட்டம் வரும். தீபாவளிச் சலுகை முடிந்ததும் இன்னொரு கூட்டம். பொருள்கள் மாறுகின்றன, கேள்விகள் மாறுவதில்லை. அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே கீழே கொடுத்திருக்கிறேன். பதில்களுக்கு அடிப்படை, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019.

1. வாங்கி மூன்றாவது நாளே பிரிட்ஜ் குளிரவில்லை. கடைக்காரர், "விற்பதோடு எங்கள் வேலை முடிந்தது, கம்பெனிக்குப் போன் செய்யுங்கள்" என்கிறார். அப்படியா?

பாதி சரி. பழுது பார்ப்பது நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர்தான். அங்கே அழைத்துப் புகார் எண் வாங்கத்தான் வேண்டும். ஆனால் உங்களிடம் பணம் வாங்கிப் பில் போட்டவர் கடைக்காரர். குறைபாடுள்ள பொருளை விற்றவர் என்ற முறையில் அவரையும் பதில் சொல்ல அழைக்கலாம். மனு எழுதும்போது கடை, தயாரிப்பு நிறுவனம் இரண்டையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்தே எழுதுவோம். யாருக்கு எவ்வளவு பொறுப்பு என்று பிரிப்பது, இந்த மனுக்களை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையத்தின் வேலை, நம்முடையது இல்லை.

அதற்காகக் கடையில் போய்ச் சண்டை போட வேண்டாம். நிறுவனத்தின் வட்டார மேலாளருடைய நேரடி எண் அந்தக் கடை மேலாளரிடம் இருக்கும். மாதம் நூறு பிரிட்ஜ் எடுக்கும் கடை ஒரு வார்த்தை சொன்னால் நடக்கும் காரியம், நாம் பத்து முறை அழைத்தாலும் நடக்காது.

2. "பில் வேண்டாம் என்றால் வரி மிச்சம்" என்றார்கள். நானும் சரி என்றுவிட்டேன். இப்போது என்ன செய்வது?

18 விழுக்காடு மிச்சம் என்றால் யாருக்கும் சபலம் வரும். அந்த மிச்சத்துக்கு நீங்கள் கொடுத்த விலை, வாங்கியதற்கான ஆதாரம். பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறை என்று சட்டம் சொல்கிறது. ஆகவே இப்போதும் எழுத்து மூலம் பில் கேட்கலாம்.

அதுவும் கிடைக்காவிட்டால், பணம் போனதற்கான வங்கி அல்லது யு.பி.ஐ. குறுஞ்செய்தி, டெலிவரி சீட்டு, கடை அனுப்பிய வாட்ஸ்அப் தகவல், சாதனத்தின் வரிசை எண் ஒட்டியிருக்கும் பட்டையின் புகைப்படம் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். ரொக்கமாகக் கொடுத்து, வேறெந்தச் சீட்டும் இல்லை என்றால் உங்கள் நிலை மிகவும் பலவீனம். பில் தொலைந்துபோனவர்களுக்கு இந்தக் கவலை வேண்டாம். கைபேசி எண்ணைச் சொன்னால் பெரும்பாலான கடைகள் நகல் தந்துவிடும்.

3. பில்லின் அடியிலேயே "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்திருக்கிறார்களே?

குறைபாடுள்ள பொருளுக்கு அந்த வரி செல்லாது. பில்லில் ஒரு காலக்கெடு குறிப்பிட்டிருந்தால் அதற்குள், எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாளுக்குள், குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. சட்டத்தின் 2(47) பிரிவில் இது வெளிப்படையாகவே இருக்கிறது. "திரும்பப் பெறப்படாது" என்பது காலக்கெடு ஆகாது.

நிறம் பிடிக்கவில்லை, சமையலறை வாசலில் நுழையவில்லை, மருமகளுக்கு வேறு மாடல்தான் வேண்டுமாம் என்பவையெல்லாம் குறைபாடு அல்ல. அவற்றுக்கு மாற்றிக் கொடுத்தால் அது கடைக்காரரின் பெருந்தன்மை.

4. வாரண்டி கார்டில் கடை முத்திரையே இல்லை. பெட்டியும் பத்து நாள் பிரிக்காமல் கிடந்தது. வாரண்டி போய்விடுமா?

போகாது. தேதியும் வரிசை எண்ணும் உள்ள பில் இருந்தால் முத்திரை இல்லாத அட்டையைக் காரணம் காட்டி மறுப்பது எடுபடாது. வாரண்டி எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பதில்தான் தகராறு வரும். வாங்கிய நாளிலிருந்து என்றே பல அட்டைகளில் இருக்கிறது. நிறுவனத்தின் ஆள் வந்து பொருத்தினால்தான் இயங்கும் ஏ.சி. போன்றவற்றுக்கு, பொருத்திய நாளிலிருந்து கணக்கிட வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023-ல் நிறுவனங்களுக்குக் கடிதமே எழுதியது. பொருத்திய நாளின் சர்வீஸ் சீட்டைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

5. பழுது என்று சொல்ல முடியாது. ஏ.சி. ஓடுகிறது, ஆனால் அறை குளிரவே இல்லை. கரண்ட் பில் மட்டும் ஏறுகிறது. இதற்கு வழக்குப் போடலாமா?

மிகவும் சிக்கலான கேள்வி இதுதான். ஏமாற்றம் வேறு, குறைபாடு வேறு. மொட்டை மாடிக்கு நேர் கீழே, மேற்கு வெயில் வாங்கும் பெரிய அறைக்கு ஒரு டன் ஏ.சி. மாட்டினால் எந்த நிறுவனத்தின் பொருளும் திணறத்தான் செய்யும். அதைக் குறைபாடு என்று காட்ட முடியாது.

ஆனால் அறையின் அளவைச் சொல்லி, "இதற்கு எது போதும்?" என்று கேட்டு, விற்பனையாளரின் சொல்லை நம்பி வாங்கியிருந்தால் கதை மாறுகிறது. 1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டப்படி, தேவையைத் தெரிவித்து, விற்பவரின் திறமையை நம்பி வாங்கிய பொருள் அந்தத் தேவைக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும். "எனக்கு இந்த நிறுவனத்தின் இந்த மாடல்தான் வேண்டும்" என்று நீங்களே பெயர் சொல்லிக் கேட்டிருந்தால் இந்த வாதம் வலுவிழந்துவிடும். விளம்பரத்திலோ பெட்டியிலோ சொன்ன ஒரு திறன் பொருளில் இல்லை என்றால் அது தவறான வாக்குறுதி. அதுவும் புகாருக்கு உரியது. ஆகவே வாங்கும் முன் கடையின் வாட்ஸ்அப்பில் அறை அளவை அனுப்பிப் பரிந்துரை கேளுங்கள். வாயால் சொன்னதை யாரும் பிறகு ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பல நேரங்களில் குற்றம் சாதனத்தில் இருக்காது, பொருத்தியதில் இருக்கும். குழாய் இணைப்பில் வாயு கசிவது, வெளிப்பெட்டியைக் காற்று போகாத மூலையில் வைப்பது ஆகியவற்றை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பொருத்தியவர் நிறுவனம் அனுப்பிய ஆள் என்றால் அது சேவைக் குறைபாடு. அதற்கும் புகார் உண்டு. இன்னொன்று: மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திரப் பட்டையில் அது எந்தக் காலத்துக்கு உரியது என்று அச்சிட்டிருக்கும். விதிகள் அவ்வப்போது கடுமையாவதால், தள்ளுபடியில் வரும் பழைய இருப்பின் 5 நட்சத்திரமும் இன்றைய 5 நட்சத்திரமும் சமமாக இருக்க வேண்டியதில்லை. மலிவுக்கு அதுவும் ஒரு காரணம்.

6. மெக்கானிக் மூன்று முறை வந்துவிட்டார். போன மறுநாளே பழைய குருடி கதவைத் திறடி. எத்தனை முறைதான் பொறுப்பது? புதிய பொருள் கேட்கலாமா?

இத்தனை முறை என்று சட்டத்தில் எண் எதுவும் இல்லை. "பழுது நீக்குவதா, மாற்றித் தருவதா என்பது எங்கள் விருப்பம்" என்று எல்லா வாரண்டி அட்டையிலும் இருக்கும். ஆனால் ஆணையம் அந்த அட்டைக்குக் கட்டுப்பட்டதல்ல. குறையை நீக்கு, புதிய பொருள் கொடு, விலையை வட்டியோடு திருப்பிக் கொடு, இழப்பீடு கொடு என்று எதை வேண்டுமானாலும் உத்தரவிட 39-ஆம் பிரிவு இடம் தருகிறது. அதே பழுது அடுத்தடுத்து வந்தது என்று காட்ட முடிந்தால் உற்பத்திக் குறைபாடு என்ற வாதம் தானாகவே வலுப்பெறும்.

அதைக் காட்டுவதற்குத்தான் சீட்டு வேண்டும். என்னிடம் வருபவர்களில் பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள். மெக்கானிக் வந்தார், எதையோ திருகினார், தேநீர் குடித்தார், போனார். கையில் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வருகைக்கும் சர்வீஸ் சீட்டு கேளுங்கள். என்ன புகார், என்ன பாகம் மாற்றினார் என்று அதில் இருக்க வேண்டும். "பரவாயில்லை, கையெழுத்துப் போடுங்கள்" என்று நீட்டும் சீட்டில் "வாடிக்கையாளருக்குத் திருப்தி" என்று ஏற்கெனவே குறியிட்டிருப்பார்கள். படிக்காமல் கையெழுத்திட்டால் அதுவே உங்களுக்கு எதிரான முதல் ஆவணம். செயலியில் ஓ.டி.பி. கேட்டாலும் இதே எச்சரிக்கை: அதைச் சொன்ன நொடியில் புகார் "தீர்ந்தது" என்று மூடப்படும். இயந்திரம் ஓடுவதைப் பார்த்த பிறகு சொல்லுங்கள்.

இரண்டாவது முறையும் அதே பழுது வந்தால் தொலைபேசியை விட்டுவிட்டு மின்னஞ்சலுக்கு மாறுங்கள். வாங்கிய தேதி, வரிசை எண், புகார் எண்கள், இத்தனை நாளுக்குள் மாற்றித் தர வேண்டும் என்ற கோரிக்கை. நான்கு வரி போதும். திட்டி எழுத வேண்டாம். அந்தக் கடிதத்தைப் பின்னாளில் படிக்கப்போகிறவர் ஆணையத்தின் தலைவர்.

7. "வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தால் போர்டு போய்விட்டது, வாரண்டியில் வராது" என்கிறார்கள். இதை எப்படி மறுப்பது?

மறுக்க வேண்டாம், ஆதாரம் கேளுங்கள். எத்தனை வோல்ட் அளந்தார், எப்போது அளந்தார் என்று சர்வீஸ் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் அது வெறும் ஊகம். பெட்டியிலோ விளம்பரத்திலோ "ஸ்டெபிலைசர் தேவையில்லை" என்று போட்டு, இவ்வளவு வோல்ட் முதல் இவ்வளவு வோல்ட் வரை தாங்கும் என்று எண்களும் கொடுத்திருந்தால், அவற்றைப் படம் எடுத்து வையுங்கள். அந்த எல்லைக்குள் வந்த மின்சாரத்தைக் குறை சொல்ல நிறுவனத்தால் முடியாது.

அதே நேரத்தில் பக்கத்து வீடுகளிலும் டி.வி., மோட்டார் எல்லாம் போயிருந்தால், தெருவில் நியூட்ரல் கம்பி துண்டிக்கப்பட்டிருக்கலாம். அப்போது தயாரிப்பாளரை விட்டுவிட்டு மின்வாரியத்திடம் எழுத்து மூலம் புகார் கொடுப்பதே சரி. மின் விநியோகமும் நுகர்வோர் சட்டத்தில் சேவைதான்.

8. எங்கள் ஊர் போர்வெல் தண்ணீர் உப்பு. கெய்சர், வாஷிங் மெஷினுக்கு வாரண்டி மறுக்கலாமா?

உப்புப் படிவால் வரும் கோளாறை அட்டையிலேயே பலரும் விலக்கிவிடுகிறார்கள். அதை வாங்கும் முன் உங்களிடம் சொன்னார்களா என்பதே கேள்வி. எங்கள் ஊர்த் தண்ணீர் இப்படி என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டு வாங்கியிருந்தால் 5-ஆம் பதிலில் சொன்னது இங்கும் பொருந்தும்.

9. தங்கைக்குச் சீராகக் கொடுத்த வாஷிங் மெஷின். பில் என் பெயரில், பொருள் அவள் வீட்டில், ஊரும் வேறு. யார் புகார் கொடுப்பது?

இருவரில் யாரும் கொடுக்கலாம். வாங்கியவருடைய ஒப்புதலோடு பொருளைப் பயன்படுத்துபவரும் சட்டப்படி நுகர்வோரே. தங்கை தன் ஊர் மாவட்ட ஆணையத்திலேயே மனுப் போடலாம். பில்லின் நகலையும், நீங்கள் அன்பளிப்பாகக் கொடுத்ததாக ஒரு கடிதத்தையும் அனுப்பிவையுங்கள்.

அரசு தந்த விலையில்லா மிக்சி, கிரைண்டர் பற்றியும் கேட்கிறார்கள். நுகர்வோர் என்ற வரையறைக்கு யாராவது விலை கொடுத்திருக்க வேண்டும், அல்லது கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். எதுவும் கொடுக்காமல் பெற்ற பொருளுக்கு இந்த வழியில் போவது கடினம்.

10. இட்லிக் கடைக்காகக் கிரைண்டர் வாங்கினேன். வியாபாரத்துக்கு வாங்கினால் நுகர்வோர் இல்லை என்கிறார்களே?

வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்பது உண்மை. ஆனால் சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காகவே வாங்கித் தானே பயன்படுத்துபவருக்கு விலக்கு இருக்கிறது. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டுக்கு எதிராக லட்சுமி இன்ஜினியரிங் வொர்க்ஸ் நடத்திய வழக்கில், 1995-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. தட்டச்சு இயந்திரம் வாங்கித் தானே தட்டச்சு செய்து சம்பாதிப்பவர் நுகர்வோர். உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது. அந்த வழக்கில் மனுதாரர் என்னவோ தோற்றார். அவர் இயந்திரம் வாங்கியது வணிக நோக்கத்துக்கு என்பதே முடிவு.

நீங்களே மாவு அரைத்து நீங்களே இட்லி ஊற்றினால் பிரச்சினை இல்லை. நான்கு கிளை, இருபது ஆள் என்றால் சிவில் நீதிமன்றம். மனுவில் "இது என் ஒரே பிழைப்பு" என்ற வாக்கியம் இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டுத் திண்டாடியவர்கள் உண்டு.

11. இணையத்தில் வாங்கினேன். "ஏழு நாளுக்குள் மட்டும் மாற்றலாம்" என்கிறது தளம். எட்டாம் நாள் டி.வி.யில் கோடு விழுந்துவிட்டது.

அந்த ஏழு நாள், தளம் கேள்வி கேட்காமல் மாற்றித் தரும் வசதிக்கான கெடு. அது முடிந்ததும் உங்கள் உரிமை முடிந்துவிடாது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி, பொருள் குறைபாடுள்ளதாகவோ விளம்பரத்தில் சொன்ன அம்சங்கள் இல்லாததாகவோ இருந்தால் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது. தளத்துக்கு ஒரு குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அரட்டைப் பெட்டியில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்கும் இயந்திரத்தை விட்டுவிட்டு, தளத்தின் அடியில் அந்த அலுவலரின் மின்னஞ்சலைத் தேடுங்கள்.

பெட்டியைப் பிரிக்கும்போது ஒட்டுப்பட்டை தெரியும்படி வெட்டாமல் ஒரே காணொளியாக எடுத்துவிடுங்கள். திரை உடைந்து வந்ததா, உங்கள் வீட்டில் உடைந்ததா என்ற சண்டைக்கு அதைவிடச் சிறந்த சாட்சி கிடையாது.

12. 1915 என்ற எண்ணுக்கு அழைத்தால் ஏதாவது நடக்குமா?

பல நேரங்களில் நடக்கிறது. அது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அவர்கள் உங்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்குவார்கள். உத்தரவிடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. பெரிய நிறுவனங்களில் இந்தப் புகார்களுக்கென்றே ஆட்கள் இருப்பதால் வேகம் கிடைக்கும். மூலைக்கடைத் தயாரிப்பு என்றால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

13. மாவட்ட ஆணையத்துக்குப் போனால் வக்கீல், கோர்ட் செலவு என்று பிரிட்ஜ் விலையைவிட அதிகமாகுமே?

ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்கு மனுக் கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை, நீங்களே வாதாடலாம். நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த விலை 50 லட்சத்தைத் தாண்டாத வரை மாவட்ட ஆணையம்தான். இ-ஜாக்ரிதி தளத்தின் வழியாக இணையத்திலும் மனு கொடுக்கலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

உண்மையான செலவு நேரம். எதிர்மனுதாரர் பதில் தர 30 நாள், கூடுதலாக 15 நாள். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும், பொருளைச் சோதிக்க வேண்டியிருந்தால் ஐந்து மாதம் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் ஓராண்டைத் தாண்டுவது சாதாரணம். இரு தரப்பும் இசைந்தால் சமரச மையத்துக்கு அனுப்புவார்கள். மூவாயிரம் ரூபாய் மிக்சிக்கு அதுவே உத்தமம்.

14. ஆய்வகச் சோதனை என்றால் பிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

குறைபாட்டைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்றால்தான் சோதனை. ஆணையமே ஆய்வகத்தையோ வல்லுநரையோ முடிவு செய்யும். கட்டணத்தை முதலில் உங்களைக் கட்டச் சொல்லலாம். 6-ஆம் பதிலில் சொன்ன சீட்டுகள் ஒழுங்காக இருந்தால் பல வழக்குகளில் இந்தக் கட்டமே வராது. சோதனை தேவைப்படும் என்று தோன்றினால் பொருளை வெளி மெக்கானிக்கிடம் கொடுத்துப் பிரிக்காதீர்கள். சாட்சியும் போகும், வாரண்டியும் போகும்.

15. பில்லில் "வழக்குகள் மும்பை நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டவை" என்றும், நடுவர் தீர்ப்பாயம் என்றும் போட்டிருக்கிறதே?

நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டுமே தடையல்ல. இந்தச் சட்டம் மற்றச் சட்டங்களுக்குக் கூடுதலானது என்று 100-ஆம் பிரிவு சொல்கிறது. தகராறை நடுவரிடமே தீர்த்துக்கொள்வோம் என்ற உடன்பாடு இருந்தாலும் நுகர்வோர் வழக்கு நிற்கும் என்று, எமார் எம்.ஜி.எஃப். என்ற கட்டுமான நிறுவனத்தின் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றமும் கூறிவிட்டது.

16. தவணையில் வாங்கினேன். பொருளே ஓடவில்லை, ஈ.எம்.ஐ.யை நிறுத்திவிடட்டுமா?

வேண்டாம். கடன் கொடுத்தது வேறு நிறுவனம். அதற்கு உங்கள் பிரிட்ஜ் ஓடுகிறதா என்பது கணக்கில்லை. நிறுத்தினால் அபராதமும் கடன் மதிப்பெண் சரிவும் உங்களுக்கே. கட்டிக்கொண்டே போய், கட்டிய வட்டியையும் சேர்த்து மனுவில் கேளுங்கள்.

17. வாரண்டி முடிந்து பதினைந்து நாளில் கம்ப்ரசர் போய்விட்டது. "கம்ப்ரசருக்குப் பத்து ஆண்டு" என்று போட்டிருந்ததே?

கம்ப்ரசர் இலவசமாகக் கிடைக்கும். வாயு, கூலி, போக்குவரத்து, அதோடு போன பிற பாகங்கள் இலவசமில்லை. பெரிய எழுத்தில் பத்து ஆண்டு, சிறிய எழுத்தில் இது. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள். முதல் ஆண்டுக்குள்ளேயே அதே பழுதுக்குப் புகார் செய்து சீட்டு வைத்திருந்தால், அப்போது சரியாகச் சீர்செய்யவில்லை என்று இப்போதும் வாதாடலாம்.

கடையில் கூடுதல் பணத்துக்கு விற்கும் நீட்டித்த வாரண்டியைப் பெரும்பாலும் தயாரிப்பாளர் தருவதில்லை, மூன்றாவது நிறுவனம் ஒன்று தருகிறது. யார் பெயரில் ரசீது என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். நான் வாங்குவதில்லை.

18. அயர்ன் பாக்ஸ் ஷாக் அடித்தது. வேறு ஒருவர் வீட்டில் குக்கர் வெடித்தது. இதற்கும் புதிய பொருள்தான் கிடைக்குமா?

இல்லை, இது வேறு வகை. காயத்துக்கும் சொத்துச் சேதத்துக்கும் தயாரிப்பாளர் பொறுப்பேற்கும் தனி அத்தியாயமே 2019 சட்டத்தில் உண்டு. மருத்துவச் சீட்டு, தீயணைப்புத் துறை அறிக்கை, எரிந்த பொருள் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். "ஆய்வுக்கு எடுத்துப் போகிறோம்" என்று நிறுவனத்தினர் வந்தால் ஒப்புகை வாங்காமல் கொடுக்க வேண்டாம்.

அயர்ன் பாக்ஸ், கெய்சர், குக்கர் போன்றவற்றில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். தரக்கட்டுப்பாட்டை மீறிய குக்கர்களை விற்க இடம் கொடுத்ததற்காக, 2022-ல் இரண்டு பெரிய இணையத் தளங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலா ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்து, குக்கர்களைத் திரும்பப் பெற்று வாங்கியவர்களுக்குப் பணம் தரச் சொன்னது. முத்திரைக்குக் கீழுள்ள உரிம எண் உண்மையா என்பதை, அந்த முத்திரையைத் தரும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் பார்க்கலாம்.

19. தீர்ப்பு எனக்குச் சாதகம். நிறுவனம் பணம் தரவே இல்லை. இனி என்ன?

மேல்முறையீட்டுக்கு அவர்களுக்கு 45 நாள் உண்டு. மாநில ஆணையத்துக்குப் போவதென்றால் தீர்ப்புத் தொகையில் பாதியைக் கட்ட வேண்டும். அதையும் செய்யாமல் சும்மா இருந்தால், அதே மாவட்ட ஆணையத்தில் நிறைவேற்று மனுப் போடுங்கள். சிவில் தீர்ப்பைப் போல வசூலிக்க 71-ஆம் பிரிவு. தண்டிக்க 72-ஆம் பிரிவு: ஒரு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த மனுவில் நிறுவனத்தின் பெயரோடு நிறுத்திவிடாமல், பொறுப்பிலிருக்கும் இயக்குநர் அல்லது மேலாளரையும் பதவியோடு குறிப்பிடுங்கள். கட்டடத்தைச் சிறைக்கு அனுப்ப முடியாது.